ஏழைகளின் பெயர்ப் பதிவேட்டுக்கும் ஒரு பூட்டு

முன்பெல்லாம் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இயங்கும் உதவிச் சங்கம் ஒன்றின் சொத்து ஓர் அலுமாரிக்குள் அடங்கிவிடும். உதவி பெறும் குடும்பங்களின் பதிவேடு, பற்றுச்சீட்டுப் புத்தகம், வங்கிப் புத்தகம், அவ்வளவுதான். திறப்பு செயலாளரிடம் இருக்கும். ஆண்டுக்கொருமுறை கணக்காய்வாளர் கணக்கைப் பார்ப்பார்.

இன்று அப்பதிவேடு கணனிக்குள் போய்விட்டது. விதவைத் தாயின் விலாசம், நோயாளியின் வைத்திய அறிக்கை, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புபவரின் வங்கிக் கணக்கிலக்கம் யாவும் அங்கேதான். ஆனால் திறப்பு யாரிடம் இருக்கிறது? "எங்களிடம் என்ன உண்டு, எவன் திருட வரப்போகிறான்?" என்று நாம் சொல்வதுண்டு. அதற்கு 2022ஆம் ஆண்டு விடை கிடைத்தது.

ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கணனிகளுக்குள் அந்நியர் புகுந்திருந்தமை அவ்வாண்டு ஜனவரி 18ஆந் திகதி தெரியவந்தது. யுத்தத்தால் பிரிந்தோர், காணாமற் போனோர், அவர்களைத் தேடும் உறவினர், தடுப்பில் உள்ளோர் என 515,000க்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அவர்கள் கைக்கு எட்டின. காணாமற் போனவரைத் தேடும் வேதனையை அறிந்த நம் மக்களுக்கு இதன் பாரதூரத்தை விளக்க வேண்டியதில்லை. புகுந்தவர்கள் 2021 நவம்பர் 9 முதல் 70 நாட்கள் உள்ளே இருந்தனர். மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையே அவர்களுக்கு வழியாயிற்று. அதை அடைக்கும் திருத்தம் முன்னரே வெளிவந்திருந்தும், உரிய நேரத்தில் இடப்படவில்லை.

அத்தனை பெரிய நிறுவனத்துக்கே இக்கதியென்றால், "நாங்கள் கவனமாகத்தான் இருக்கிறோம்" என்ற எண்ணம் மட்டும் நமக்குப் போதுமா? பணத்துக்குக் கணக்காய்வு இருப்பதுபோல் கணனிக்கும் வெளியார் பரிசோதனை தேவை. பிரித்தானிய அரசாங்கம் 2014இல் தொடங்கிய 'சைபர் எசென்ஷல்ஸ்' எனும் சான்றிதழ் முறை இதற்கு நல்ல உதாரணம். அது ஐந்து காரியங்களைக் கேட்கிறது:

1. இணையத்துக்கும் நம் கணனிக்கும் நடுவே காவலரண் உண்டா?
2. வாங்கும்போது கூடவந்த கடவுச்சொல் மாற்றப்பட்டதா? வேண்டாத செயலிகள் நீக்கப்பட்டனவா?
3. தேவையானவருக்கு மட்டும் அனுமதி உண்டா? விலகியவரின் அனுமதி நிறுத்தப்பட்டதா?
4. தீய மென்பொருளைத் தடுக்கும் ஏற்பாடு உண்டா?
5. முக்கிய திருத்தங்கள் 14 நாட்களுக்குள் இடப்படுகின்றனவா?

முதற்படியில் நிறுவனமே வினாக்கொத்துக்கு விடையெழுத, பரிசோதகர் அதைச் சரிபார்ப்பார். அடுத்த படியில் அவர் கணனிகளையே சோதிப்பார். சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். செலவைக் கண்டு சிறியவர்கள் தயங்கியதால், 2023இல் சிறிய தொண்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு நிபுணர் உதவி இலவசமாக வழங்கப்பட்டது.

சான்றிதழ் பெற்றால் கள்ளன் வரவே மாட்டான் என்றில்லை. கதவு பூட்டியிருப்பதை வேறொருவரும் வந்து பார்த்தார் என்பதற்கு அது அத்தாட்சி. உதவி கேட்டு வருபவர் தன் வறுமையை நம்மிடம் நம்பிச் சொல்கிறார். அந்த நம்பிக்கையைக் காப்பதும் தருமத்தின் ஒரு பகுதியே. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இக்கடமையை வலியுறுத்துகிறது. ஆலோசனைக்கும் முறைப்பாட்டுக்கும் 2006இல் நிறுவப்பட்ட 'ஸ்ரீ லங்கா சேர்ட்' இருக்கிறது.

சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் மேற்கண்ட ஐந்து வினாக்களையும் வாசியுங்கள். கணனி படித்த பிள்ளைகள் நம் குடும்பங்களில் பலர் உண்டு. சங்கத்தின் கணனியைக் கையாளாத ஒருவரை அவர்களுள் தெரிந்து, பரிசோதகராக அமர்த்துங்கள்.

சிந்திப்பதற்கு:

அ. நம் சங்கத்தின் பதிவேடு எத்தனை கைத்தொலைபேசிகளில் இருக்கிறது?

ஆ. சென்ற ஆண்டு விலகிய பொருளாளருக்கு அதன் கடவுச்சொல் இன்னும் தெரியுமா?

இ. அப்பட்டியலில் நம் வீட்டுப் பெயர் இருந்தால், இந்தப் பூட்டு போதுமென்று சொல்வோமா?