ஏற்றிய விளக்கும் எண்ணிய உயிரும்



நீலசந்திராவில் நான் குடியிருக்கும் தெரு மிகக் குறுகியது. தமிழும் உருதும் தெலுங்கும் கன்னடமும் அங்கே ஒரே குழாயடியில் குடம் வைத்துக் காத்திருக்கும். இயற்பியல் பயில இவ்வூருக்கு வந்த நான், மூன்றாண்டுகளாக அத்தெருவில்தான் வாடகைக்கு இருக்கிறேன். சென்ற ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் மாலை, எதிர்வீட்டுப் பெரியவர் தம் வாயிற்படியில் ஓர் அகல்விளக்கை ஏற்றி வைத்தார். அன்று கார்த்திகையும் இல்லை. வேறு பண்டிகையும் இல்லை.

"யாருக்காக ஐயா இந்த விளக்கு?" என்று கேட்டேன்.

"விதுராசுவத்தத்தில் சுடப்பட்டுச் செத்தவர்களுக்காக, தம்பி. எங்கள் ஊர்ப் பக்கம். முன்பு அப்பா ஏற்றுவார், இப்போது நான் ஏற்றுகிறேன்" என்றார்.

அப்பெயரை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. நாட்டின் விடுதலை வரலாற்றில் தேர்வு எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். ஆயினும், வாழும் ஊருக்கு இத்துணை அருகில் நிகழ்ந்ததை அறியாமல் இருந்தேன். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

விதுராசுவத்தம், கௌரிபிதனூருக்கு அண்மையில் உள்ள சிற்றூர். அன்று கோலார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் உள்ளது. பாரதத்து விதுரர் அங்கே ஓர் அரசமரத்தை நட்டார் என்பது வழிவழிக் கதை. ஊரின் பெயரும் அதனால் வந்ததே.

1938இல் மைசூர் ஒரு மன்னராட்சி. நல்லாட்சி என்று பெயரெடுத்த சமத்தானம் அது. 1881லேயே மக்கள் பிரதிநிதி சபை ஒன்று அங்கே தோன்றிவிட்டது. ஆனால் அச்சபையால் கேள்வி கேட்க முடியுமே அன்றி, ஆட்சியை மாற்ற முடியாது. திவான் மன்னருக்குப் பொறுப்பானவர். மக்களுக்குப் பொறுப்பானவர் அல்லர். "மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும்" என்பதே மைசூர்க் காங்கிரசின் கோரிக்கை. அதற்கு அடையாளமாக அவர்கள் கையில் எடுத்தது கொடி. அதனை ஏற்ற அரசு தடை விதித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மாண்டியா பக்கத்துச் சிவபுரத்தில் தடையை மீறிக் கொடி ஏறிற்று. அதே மாதம் 25ஆம் நாள், விதுராசுவத்தத்தில் சிற்றூர் மக்கள் திரண்டனர். ஆயுதம் ஏந்தாத அக்கூட்டத்தின்மீது போலீசார் துப்பாக்கியால் சுட்டனர்.

எத்தனை பேர் இறந்தனர்? இங்கேதான் நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசுத் தரப்பு 10 என்றது. மக்கள் வழக்கிலோ 32 என்பர்; அதற்கு மேலும் கூறுவோர் உளர். 1919 ஏப்ரல் 13இல் ஜாலியன் வாலாபாக்கில் நிகழ்ந்த கொடுமையிலும் இதே வேறுபாட்டைக் காண்கிறோம். அரசு வெளியிட்ட எண் 379. காங்கிரசின் விசாரணைக் குழுவோ ஏறத்தாழ 1,000 என்றது. சுட்டவன் கணக்கும் இழந்தவன் கணக்கும் ஒன்றாய் இருப்பதில்லை.

விதுராசுவத்தத்துச் செய்தி நாடெங்கும் பரவியது. வல்லபாய் பட்டேலும் ஆச்சாரிய கிருபளானியும் மைசூருக்கு வந்து திவான் சர் மிர்சா இஸ்மாயிலுடன் பேசினர். அரசுக் கொடியோடு காங்கிரசுக் கொடியும் பறக்கலாம் என்ற உடன்பாடு பிறந்தது. ஆயினும் பொறுப்பாட்சி உடனே வரவில்லை. 1947இல் நாடு விடுதலை பெற்ற பின்னும், மைசூர் மக்கள் மீண்டும் ஒருமுறை போராட வேண்டியிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில்தான், கோலார் மாவட்டத்தவரான கே. சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை அமைந்தது.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஒருமுறை அளந்ததை நம்புவதில்லை. திரும்பத் திரும்ப அளக்கிறோம். தற்செயலாக நேரும் பிழை அதனால் குறையும். ஆனால் கருவியே கோணலாயிருந்தால், ஆயிரம் முறை அளந்தாலும் அதே தவறுதான் கிடைக்கும். ஆண்டு நினைவு நாளும் அத்தகையதே என்று எனக்குத் தோன்றுகிறது. மாலை சூட்டி, சென்ற ஆண்டுச் சொற்பொழிவையே மீண்டும் பேசிக் கலைந்தால் பயன் என்ன? யார் இறந்தனர், ஏன் கூடினர், யார் ஆணையிட்டார், எந்த எண் மெய் என்று ஆண்டுதோறும் புதிதாய்க் கேட்பதற்கே அந்நாள் வேண்டும்.

இதனை ஆள்வோர் நன்கு அறிவர். 1989 ஜூன் 4இல் சீனத் தலைநகர் பெய்ஜிங்கில், மக்களாட்சி கேட்ட மாணவர்மீதும் மக்கள்மீதும் படை ஏவப்பட்டது. இறந்தோரின் மெய்யான எண் இன்றளவும் தெளிவாகவில்லை. ஹாங்காங் மக்கள் 1990 முதல் 2019 வரை, ஆண்டுதோறும் விக்டோரியா பூங்காவில் மெழுகுவர்த்தி ஏந்திக் கூடினர். 2020இல் தொற்றுநோயைக் காரணங்காட்டி அக்கூட்டம் தடுக்கப்பட்டது. 2021இல் அதனை நடத்தி வந்த அமைப்பே கலைந்தது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் இறந்தோர் நினைவாக ஒரு தூண் நின்றது. மாணவர் ஆண்டுதோறும் அதனைக் கழுவித் தூய்மை செய்வர். அவ்வாண்டு திசம்பரில் ஓர் இரவில் அதுவும் பெயர்த்தெடுக்கப்பட்டது. ஒரு கைவிளக்குக்கு வலிமை இல்லையென்றால், அதனை அணைக்க இத்துணை முயற்சி எதற்கு?

வரும் ஏப்ரல் 25இல் நாமும் விளக்கேற்ற வேண்டும் என்று நம் சங்கத்தில் சொன்னேன். "அது இவ்வூரார் செய்தி, பிழைக்க வந்த நமக்கென்ன?" என்றார் ஒரு நண்பர். அவரை நான் குறைகூறவில்லை. இந்நகரில் தமிழர் அஞ்சி வாழ்ந்த நாட்களும் உண்டு. 1991இன் காவிரிக் கலவரத்தை நம் தெருவில் முதியோர் இன்றும் மறக்கவில்லை. தள்ளியே நிற்பது நலம் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால், தோழர்களே, நான் இவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருக்கிறேன். எனக்குப் பிடிக்காத ஆட்சியை எதிர்த்து வாக்களிக்க முடியும். அவ்வுரிமைக்கு விலை கொடுத்தோருள், கன்னடமும் தெலுங்கும் பேசிய அச்சிற்றூர் மக்களும் இருக்கின்றனர். அவர்கள் உரிமை கேட்டபோது, 'எங்கள் மொழியாருக்கு மட்டும்' என்று கேட்டதில்லை. பெற்றதில் பங்கு கொண்ட நாம், கடனில் மட்டும் பங்கில்லை என்பது எப்படி?

நம் துயரங்களை நாம் மறக்க வேண்டா. அடுத்த வீட்டாரின் துயரையும் அறிந்தவன் சொல்லும்போதுதான், நம் துயரைக் கேட்க அடுத்த வீட்டாருக்கும் மனம் வரும்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். "இந்த ஆண்டு எண்ணெய் நீ வாங்கி வா, தம்பி" என்றார். வாங்கி வைத்திருக்கிறேன். அன்று மாலை ஆறு மணிக்கு, நீலசந்திராவில் எங்கள் தெரு வாயிலில் கூடுவோம். பெயர்களைப் படிப்போம், கணக்கைக் கேட்போம். ஆளுக்கோர் அகலுடன் வாருங்கள்.