கடினமான ராடு எதற்கு?

அன்பு மாப்பிள்ளைக்கு,

கம்பம் பட்டறையில் ஜேசிபி பக்கெட் வேலை உன் கைக்கு வந்திருப்பதாக அக்கா சொன்னாள். மகிழ்ச்சி. ஆனால் தகடு கடினமானது என்பதால் அதைவிடக் கடினமான ராடு கேட்டிருக்கிறாயாமே, அதுதான் கவலையாக இருக்கிறது.

இதுவரை நீ கேட்டுக்கும் டிரெய்லருக்கும் வெல்டு வைத்த சாதாரண இரும்பு சுமார் 410 மெகாபாஸ்கல் இழுவை தாங்கும். 7018 ராடு 490 தாங்கும். அங்கே ராடுதான் பலசாலி. 770-க்கு மேல் தாங்கும் தகட்டில் கதை தலைகீழ். அதற்குச் சமமான ராடைத் தேடிப் போட்டால் வெல்டு ஒட்டும் கடினமாகும். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் உள்ளே மாட்டிக்கொண்டால் வெடிப்பு விடும்.

1970-களில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் சாத்தோவும் டொயோடாவும் கனமான தகடுகளை மென்மையான உலோகத்தால் ஒட்டி இழுத்துப் பார்த்தார்கள். ஒட்டு குறுகலாக இருந்தபோது, இணைப்பு அந்த உலோகத்தின் பலத்தைத் தாண்டி, தகட்டின் பலத்தை நெருங்கியது. காரணம் எளிது. இழுக்கும்போது மென்மையான உலோகம் நீண்டு ஒடுங்கப் பார்க்கும். இருபுறமும் உள்ள கடினத் தகடு அதை ஒடுங்க விடாது. செங்கல் கட்டில் சாந்து மெல்லிசாக இருந்தால் சுவர் நிற்கிற மாதிரிதான். ஆகவே தகட்டின் கனத்தோடு ஒப்பிட ஒட்டின் அகலம் எவ்வளவு என்று பார். 6 மி.மீ. தகட்டில் 12 மி.மீ. இடைவெளி விட்டு நிரப்பினால் இந்த உதவி கிடைக்காது. ராடின் பலம்தான் மிஞ்சும்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஒட்டின் நீளவாக்கில் அறுக்கும் விசை வரும் ஃபில்லட்டில் தகடு தாங்கிப் பிடிக்காது. அங்கே ஒட்டைப் பெரிதாக்கத்தான் வேண்டும். இன்னொன்று, அளவுக்கு மீறி இழுபட்டால் நீட்சி முழுவதும் அந்தக் குறுகிய ஒட்டிலேயே குவியும்.

விசையின் திசை எவ்வளவு முக்கியம் என்று புரிய, லோயர் கேம்ப்புக்குப் போனால், மலையிலிருந்து பெரியாறு மின்நிலையத்துக்கு இறங்கும் குழாய்களை நின்று பார். பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நீரழுத்தம் கூடும். அத்தகைய குழாயில் நீளவாக்கு ஒட்டுக்கு வரும் இழுவை, சுற்றுவாக்கு ஒட்டுக்கு வருவதைப் போல இரண்டு மடங்கு. ஒரே குழாய், ஒரே உலோகம். விசை வரும் திசை மாறினால் கணக்கு மாறுகிறது. விசை எந்தத் திசையில் வருகிறது என்பதுதான் ராடு எடுக்கும் முன் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி.

7018-ஐ 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் காயவைத்து எடு. மழைக்காலத்தில் இதில் சலுகையே கூடாது. பள்ளத்தைக் குறுகலாக வெட்டு, தகட்டைச் சூடாக்கிக்கொள். ஹைட்ரஜன் வெடிப்பு உடனே தெரியாது. 48 மணி நேரம் கழித்து ஒட்டைச் சோதித்த பிறகே வண்டியை வெளியே விடு. முதலாளி அவசரப்படுத்தினாலும் விடாதே.

அன்புடன்,
மாமா