லிமரிக்கில் ஆடும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

இப்போது போகும் ஐரிஷ் நடன வகுப்பை விட்டுவிட்டு, உலகப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் டப்ளின் பள்ளியில் சேரலாமா என்று நீ யோசிப்பதாக உன் அம்மா சொன்னாள். கணுக்கால் வலியையும் சொன்னாள். எல்லாம் பேசி முடித்து போனை வைக்கப்போகும் நேரத்தில், ஏதோ சின்ன விஷயம் போல. உனக்குப் பதினைந்து வயதாகிறது, முடிவு உன்னுடையதுதான். நான் அதில் தலையிடப் போவதில்லை. ஆனால் அந்தப் போட்டி எப்படி நடக்கிறது, காலிடம் அது என்ன கேட்கிறது என்பதை நிதானமாகப் பார்த்துவிட்டு முடிவெடு. அத்தையின் வீணை இன்று எந்த அறையில், எப்படிக் கிடக்கிறது என்று உனக்குத் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படி.

நம் பக்கம் பரதம் பழகும் பிள்ளை அரங்கேற்றத்துக்குப் பல வருஷம் காத்திருக்கும். ஐரிஷ் நடனத்தில் அந்தக் காத்திருப்பு கிடையாது. ரீலும் லைட் ஜிக்கும் காலில் படிந்த சில மாதங்களிலேயே ஃபெஷ் என்னும் போட்டி மேடை ஏறிவிடலாம். பன்கிராட், டூஸ்கிராட், மியான்கிராட், ஆர்ட்கிராட் என்று ஒவ்வொரு படியிலும் ஜெயித்தால்தான் அடுத்த படி. மென்காலணியிலிருந்து வன்காலணிக்கு, ட்ரெபிள் ஜிக்குக்கு, ஹார்ன்பைப்புக்கு நீ போனதெல்லாம் இந்தப் பதக்கங்களோடு சேர்ந்தேதான். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கற்பதும் ஜெயிப்பதும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக வந்ததால், இரண்டையும் பிரித்துப் பார்க்க உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பரிசு நின்றால் ஆட்டமும் நின்றுவிடும் என்று நினைக்கும் பழக்கம் அப்படித்தான் வருகிறது. நம் வீட்டில், அத்தையின் வீணையோடு, அது ஒருமுறை நடந்துவிட்டது. இன்னொரு முறை நடக்கக் கூடாது.

பெரிய போட்டிகளில் மதிப்பெண் போடும் முறையை உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார். ஒவ்வொரு நடுவரும் தான் போட்ட மதிப்பெண்படி ஆடியவர்களை வரிசைப்படுத்த, அந்த வரிசை புள்ளிகளாக மாறுகிறது. முதலிடத்துக்கு 100, இரண்டாமிடத்துக்கு 75, மூன்றாமிடத்துக்கு 65, நான்காமிடத்துக்கு 60. மூன்று நடுவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். மூவருமே உன்னை இரண்டாமிடத்தில் வைத்தால் உனக்கு 225. இன்னொருத்தியை ஒருவர் முதலிடத்திலும் மற்ற இருவரும் மூன்றாமிடத்திலும் வைத்தால் அவளுக்கு 230. மூவரில் இருவர் அவளைவிட நீ நன்றாக ஆடினாய் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் கோப்பை அவளுக்கு. இதில் யாரும் ஏமாற்றவில்லை, கணக்கே அப்படி. அதற்குமேல், கற்றுக்கொடுப்பவர்களும் தீர்ப்புச் சொல்பவர்களும் பெரும்பாலும் ஒரே வட்டத்து ஆட்கள். 2022இல், மதிப்பெண்ணை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டதாக ஆசிரியர்கள், நடுவர்கள் பலர்மேல் குற்றச்சாட்டு எழுந்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மேற்பார்வையில் ஐரிஷ் நடன ஆணையமே விசாரணை தொடங்க வேண்டியதாயிற்று. எல்லாரும் அப்படி என்று நான் சொல்லமாட்டேன்; நேர்மையானவர்கள் எத்தனையோ பேர். ஆனால் உன் ஆட்டத்தின் தரம் என்ன என்பதை இந்தப் புள்ளிகளிடம் போய்க் கேட்காதே.

அடுத்தது உன் கால். எனக்குத் தூக்கம் கெடுவது இதை நினைத்துத்தான். மேல்நிலைக்குப் போகப்போக இசை வேகம் கூடும் என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள், நடப்பது நேர்மாறு. மரபு வேகத்தில் நிமிடத்துக்கு 92 தாளம் போகும் ட்ரெபிள் ஜிக், சாம்பியன்ஷிப்பில் 73க்கு இறங்குகிறது. வேகம் குறைந்தால் ஓய்வு என்று அர்த்தமில்லை. கிடைத்த இடைவெளியில் இன்னும் பல தட்டுகளை நுழைக்க வேண்டும், இன்னும் உயரமாக எழும்ப வேண்டும். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போதும் உடல் நிமிர்ந்தே இருக்க வேண்டும், கைகள் பக்கவாட்டில் அசையாமல் இருக்க வேண்டும், முழங்காலை மடக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளவும் இந்தப் பாணி இடம் தருவதில்லை. பாரம் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் கீழ்க்கால் எலும்பிலும்தான் விழுகிறது. ஐரிஷ் நடனக்காரர்களின் காயங்களில் பெரும்பாலானவை ஒரு நாள் வழுக்கி விழுந்து வருபவை அல்ல, அளவுக்கு மீறி ஆடி ஆடியே வருபவை. உங்கள் லிமரிக் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஆய்வு செய்திருக்கிறார்கள். தூக்கக் குறைவும் களைப்பும் மனஅழுத்தமும் காயத்தோடு சேர்ந்தே வருகின்றன என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். டப்ளினுக்குப் போய்வர நானூறு கிலோமீட்டர். பள்ளிக்கூடம் முடிந்து போய்விட்டு நடுராத்திரி திரும்பும் பிள்ளைக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? புது உடை ஆயிரம் யூரோவைத் தாண்டும், சுருள்முடி விக் தனி. உன் அம்மா இன்னும் எத்தனை நைட் டியூட்டி பார்க்க வேண்டியிருக்கும் என்பதை அவள் உன்னிடம் சொல்லமாட்டாள்.

போட்டி இல்லையென்றால் இந்தக் கலையே பிழைத்திருக்காது என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. 1893இல் தொடங்கிய கேலிக் லீக் அமைப்பும் அதன்வழி வந்த ஆணையமும் போட்டிகள் நடத்தியதால்தான் பாஸ்டனிலும் சிட்னியிலும் ஒரே அடவைப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ரிவர்டான்ஸ் நிகழ்ச்சியையும் நீ காட்டுவாய். 1994 ஏப்ரல் 30ஆம் தேதி யூரோவிஷன் பாட்டுப்போட்டி இடைவேளையில் அந்த ஏழு நிமிடத்தை ஆடிய மைக்கேல் ஃப்ளாட்லி 1975இலேயே உலகப் பட்டம் வென்றவர். அவரோடு ஆடிய ஜீன் பட்லரும் போட்டிகளில் வளர்ந்தவர்தான். மறுக்கவில்லை. ஆனால் உலகமே எழுந்து கைதட்டியது போட்டியின் விதிகளுக்காகவா? பக்கவாட்டில் ஒட்டியிருந்த கைகளை விடுவித்து, நடுவரை மறந்து, பார்ப்பவர்களின் முகத்தைப் பார்த்து ஆடியதற்காக. ஒன்பது முறை உலகப் பட்டம் வென்ற காலின் டன், ஃப்ளாட்லிக்குப் பிறகு அந்த நாயக வேடத்தை ஏற்றவர், பின்னாளில் லிமரிக் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். தனக்கென்று ஒரு ஆட்டத்தைத் தேடித் தனிநிகழ்ச்சி அமைத்தார். பட்லரும் அதே பல்கலைக்கழகத்தில் நவீன நடனம் படித்தார். கோப்பைகளெல்லாம் கையில் இருந்தும், ஆட்டத்தை மறுபடி தேடி இருவரும் வந்த ஊர் உன் ஊர். அந்த ஊரை விட்டு நீ வாராவாரம் டப்ளினுக்கு ஓட வேண்டுமா?

இப்போதைய டீச்சர் பழைய காலத்து ஆள், புது ஸ்டெப் தெரியாது என்கிறாயாம். செயின்ட் பேட்ரிக்ஸ் டே, பிளாக்பேர்ட் போன்ற மரபு செட்டுகளை முழுமையாகச் சொல்லித்தருகிறவர் என்றால் அது சாதாரணமில்லை. ஊர் ஊராக நடந்து கற்றுக்கொடுத்த நடன ஆசான்களின் வழியில் வந்த சொத்து அது. அவரிடமே இரு. ஊரில் நடக்கும் ஃபெஷ்களில் ஆடு, ஜெயித்தால் சந்தோஷப்படு. ஜூலையில் பக்கத்து கிளேர் மாவட்டத்தில், மில்டவுன் மால்பேயில் வில்லி கிளான்சி கோடைப்பள்ளி நடக்கும், 1973இலிருந்து நடப்பது. அங்கே போய் செட் டான்ஸும் ஷான்நோஸும் கற்றுக்கொள். ஷான்நோஸில் கை தன் போக்கில் அசையும், கால் தரையை விட்டு அதிகம் எழும்பாது. எழுபது வயதுக்காரர்களும் ஆடுகிறார்கள். எழுபது வயதில் நீயும் ஆட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ரொம்பவே பேசிவிட்டேன். பெரியப்பாவுக்கு உன்மேல் கோபம் என்று நினைத்துவிடாதே, ஒரு துளியும் இல்லை. நீ அனுப்பிய ஹார்ன்பைப் வீடியோவை இந்தத் தெருவில் பார்க்காதவர்கள் இல்லை. பெரியம்மா இன்னும் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவுக்குப் பிறகும் டப்ளின்தான் என்று நீ முடிவு செய்தால் செய், அந்த உடைக்கு ஆகும் பணம் முழுவதையும் நான் அனுப்புகிறேன், அம்மாவிடம் கேட்காதே. ஆனால் எந்த முடிவுக்கும் முன்னால், இந்த வாரமே பிசியோதெரபிஸ்டிடம் அந்தக் கணுக்காலைக் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று எனக்கே போன் செய்து சொல்லம்மா.

அன்புடன்,
உன் பெரியப்பா