‘செட்டில்டு’ என்றால் கடன் முடிந்ததாக ஆகாதா?

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமத்தில் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். மலையாளி பழங்குடி வகுப்பு. 2018-ல் பைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கி ஜீப் எடுத்தேன். கொரோனாவில் ஓட்டம் நின்று தவணை தவறியது. 2022-ல், 85,000 ரூபாய் பாக்கிக்கு 60,000 கட்டினால் போதும் என்றார்கள். வசூலுக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது வீட்டோடு இரண்டு அறை கட்ட வங்கிக் கடன் கேட்டால், சிபிலில் ‘செட்டில்டு’ என்று வருவதாகச் சொல்லி மறுக்கிறார்கள். மூன்று வங்கியிலும் இதே பதில். வழக்குப் போடலாமா?
– வாசகர், ஏற்காடு வட்டம்

பதில்: உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது. அந்தப் பதிவு பொய்யா, மெய்யா?

நீங்கள் எழுதியபடி பார்த்தால் மெய். 25,000 ரூபாயைக் கம்பெனி விட்டுக்கொடுத்திருக்கிறது. முழுதும் கட்டி முடித்த கணக்குக்குத்தான் ‘குளோஸ்டு’ என்று பதிவார்கள். குறைத்து முடித்ததற்கு ‘செட்டில்டு’. உண்மையான பதிவை நீக்கச் சொல்லி வழக்குப் போட்டால் நிற்காது. கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று வங்கியைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

2022-ல் கம்பெனி தந்த தீர்வுக் கடிதத்தை ‘எங்கோ வைத்தேன்’ என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய ரசீது நகலில் கம்பெனி பெயர் மட்டும் தெரிகிறது. தேதியும் தொகையும் வெளுத்துப்போய்விட்டன. கைமெஷினில் வரும் ரசீது மலை ஈரத்தில் எத்தனை நாள் தாங்கும்? அன்றே நகல் எடுத்திருக்க வேண்டாமா? ரொக்கமாக ஏன் கொடுத்தீர்கள்? நிலுவை இல்லைச் சான்று ஏன் கேட்கவில்லை? முதல் வங்கி மறுத்ததுமே சிபில் அறிக்கையை வாங்கிப் பார்க்காமல் அடுத்தடுத்து இரண்டு வங்கிக்குப் போனதும் தவறு. ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் அறிக்கையில் ஏறும். கோபத்தில் எழுதவில்லை, காகிதம் இல்லாமல் தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி செய்ய வேண்டியது. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்குங்கள். பிறகு, விட்டுக்கொடுத்த தொகையைக் கட்டினால் கணக்கை ‘குளோஸ்டு’ என்று மாற்றுவீர்களா என்று கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். எழுத்தில் சம்மதம் வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டுவதை வங்கி வழியாகக் கட்டி, நிலுவை இல்லைச் சான்று வாங்குங்கள்.

வேறு பிழை இருந்தால், அதாவது 60,000 கட்டிய பிறகும் பாக்கி காட்டினால், 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 21 உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் திருத்தம் சரி என்று கடன் கொடுத்தவர் சான்றளித்தால்தான் சிபில் திருத்தும். புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதன் பிறகும் தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். பணம் கொடுத்தால் சிபிலை அழித்துத் தருகிறேன் என்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

புதுக் கடன் கிடைத்தால், காப்பிப் பணம் அறுவடைக்குப் பிறகுதான் வரும் என்பதைச் சொல்லி, அதற்கேற்ற தவணையைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

உங்கள் கடிதத்தை மட்டும் பார்த்துச் சொன்ன கருத்து இது. தீர்வுக் கடிதத்தின் வாசகம் வேறாக இருந்தால் என் பதிலும் மாறும். பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி உண்டு. கிடைக்கும் காகிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே மலை இறங்கி, சேலம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.