மட்டக்களப்பிலிருந்து தொடங்கு

ஒத்தக்கடை

அன்புள்ள ஜெனிட்டா,

வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில், வெளிநாடுகளில் உபத்திரவப்படும் கிறிஸ்தவர்களுக்காக உன்னை ஜெபிக்கச் சொல்லியிருக்கிறாராமே ஐயர். அம்மா போனில் சொன்னாள். "உலகமெங்கும் கஷ்டப்படுகிற உம் பிள்ளைகளை ஆசீர்வதியும்" என்று ஒரே மூச்சில் முடித்து உட்கார்ந்துவிடாதே. முதலில் எபிரெயர் 13:3-ஐ எடுத்துப் படி. சிறையில் இருப்பவர்களை நினைக்கும்போது நாமும் அங்கேயே கிடப்பதாக எண்ணிக்கொள்ளச் சொல்கிறது. ஊரும் நடந்த கதையும் தெரியாமல் அப்படி எண்ண யாரால் முடியும்?

மட்டக்களப்பிலிருந்து தொடங்கு. இலங்கையில் இருக்கிற அந்த ஊரில் ஜெபமும் பாட்டும் நம் தமிழில்தான். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் ஓய்வுநாள் பள்ளி முடிந்து, ஆராதனை தொடங்கும் முன் பிள்ளைகள் முற்றத்தில் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புதுத்துணி உடுத்தி வந்த பிள்ளைகள். பையோடு வந்த அந்நியன் ஒருவனைச் சபையார் ஒருவர் உள்ளே விடாமல் மறித்துப் பேசினார். குண்டு வெளியிலேயே வெடித்தது. மறித்தவரும் போனார். ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள். அதில் 14 பேர் குழந்தைகள். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிற எனக்கு அந்த எண்ணைக் கடந்துபோக முடிவதில்லை. என் வகுப்பில் ஒருநாள் வந்து உட்காருகிற பிள்ளைகள் ஏறக்குறைய அத்தனை பேர்தான்.

அதே காலையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மூன்று ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. மொத்தம் 260 பேருக்கு மேல் இறந்தார்கள். தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியா முன்கூட்டியே எச்சரித்திருந்தும் அங்கிருந்த அதிகாரிகள் காக்கத் தவறினார்கள். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனாவை 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. ஆகவே ஆறுதலுக்காக மட்டும் ஜெபிக்காதே. உண்மை முழுவதும் வெளியே வரவேண்டும் என்றும் கேள். பெற்றோர் இன்னும் கேட்பது அதைத்தான்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள், கண்ணு. குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த மே மாதத்தில் இலங்கையின் வடமேற்குப் பகுதியில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நீர்கொழும்பில் தஞ்சம் புகுந்திருந்த பாகிஸ்தான் அகதிகளை வாடகை வீடுகளிலிருந்து விரட்டினார்கள். அவர்களில் அஹ்மதியா முஸ்லிம்கள் அதிகம். பாகிஸ்தானில் துன்பப்பட்டு ஓடிவந்த கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். யார் பேரைச் சொல்லிக் கோபப்பட்டார்களோ, அவர்களையே அந்தக் கோபம் தெருவில் நிறுத்தியது.

நம் ஆலயத்து மைக் சத்தம் பின்தெரு பாய் வீடுவரை கேட்கும். அவர்கள் காதில் விழும்போது கூசும்படி ஒரு வார்த்தைகூட உன் ஜெபத்தில் வரக்கூடாது. குற்றம் செய்தவனைக் குற்றவாளி என்று சொல். அவன் மதத்தாரையெல்லாம் சேர்த்து இழுக்காதே.

அடுத்தது பாகிஸ்தான். ஆசியா பீபியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். பாகிஸ்தானில் மதநிந்தனை வழக்கில் 2010-இல் மரண தண்டனை பெற்ற ஏழைக் கிறிஸ்தவத் தாய். 2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அவளை விடுதலை செய்தது. அவளுக்காகப் பேசியதற்காக 2011-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் ஒரு முஸ்லிம். உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய வக்கீல் சைஃபுல் மலூக்கும் முஸ்லிம். இவர்களைப் போன்றவர்களுக்காகவும் நன்றி சொல்லி ஜெபி. நம் கூட்டங்களில் இதைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை என்பது எனக்கு வெகுநாள் வருத்தம்.

வாட்ஸப்பில் வரும் "இன்று இரவு இத்தனை மிஷனரிகளுக்குத் தூக்கு, உடனே ஜெபியுங்கள்" வகைச் செய்திகளை எடுத்துக்கொள்ளாதே. பழைய பொய்யே திரும்பத் திரும்ப வருகிறது. ஆண்டவர் சந்நிதியில் பொய்ச் செய்தியை வைக்கலாமா? நாளிதழில் பார், இரண்டு இடத்தில் சரிபார், பிறகு நோட்டில் எழுது.

துன்புறுத்துகிறவர்களுக்காகவும் ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும். மலைப்பிரசங்கம் அதைக் கேட்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்பதை மறக்காமல், மெல்லச் சொல்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதலில் மட்டக்களப்பு, பிறகு பாகிஸ்தான், அவ்வளவு போதும். வியாழக்கிழமைக்குள் எழுதி எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு.

அன்புடன்,
அத்தை