சில்லறையில் வந்த நினைவு நாணயம்: கூடுதல் விலைக்கு விற்கலாமா?

சென்ற மாதம் ஜுமுஆ தொழுகைக்குப் பின் ஓர் இளைஞர் வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம். அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டை முன்னிட்டு 2009-இல் வெளியிடப்பட்டது. அவருடைய தமிழ்க் கையொப்பமும் அதில் உண்டு. "ஹஜ்ரத்! நாணயம் சேர்க்கும் ஒருவர் இதற்கு அறுபது ரூபாய் தருகிறேன் என்கிறார். ஐந்துக்கு அறுபது வாங்கினால் வட்டியாகுமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நம் வீடுகளில் பலரும் இப்போது சில்லறையைப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீத்தம்பழம், உப்பு ஆகிய ஆறையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். இவற்றில் ஓர் இனத்தை அதே இனத்துக்கு மாற்றினால் அளவு சமமாக இருக்க வேண்டும். கைக்குக் கை உடனே மாற வேண்டும். செம்பு முதலியவற்றாலான 'ஃபுலூஸ்' காசுகள் புழக்கத்தில் இருந்தாலும் இச்சட்டத்தில் சேரா என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான சொல். ஹனஃபி மத்ஹபில், குறிப்பிட்ட ஒரு காசைக் குறிப்பிட்ட இரண்டு காசுகளுக்கு விற்பதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் அபூயூசுஃப் (ரஹ்) இருவரும் அனுமதித்தார்கள். இமாம் முஹம்மது (ரஹ்) தடுத்தார்கள்.

ஆனால் அந்த இமாம்களின் காலத்தில் தீனாரும் திர்ஹமும் கடைவீதியில் புழங்கின. இன்று அவை இல்லை. நோட்டும் சில்லறையுமே பணம். எனவே 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, தங்கம் வெள்ளிக்குரிய சட்டங்கள் காகிதப் பணத்துக்கும் உண்டு என்று தீர்மானித்தது. நூறு ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு தொண்ணூறு ரூபாய்ச் சில்லறை கொடுப்பது இதன்படி கூடாது.

நினைவு நாணயமோ வேறு விதம். சேகரிப்பவர் ஐந்து ரூபாயைத் தேடவில்லை. அதன் அச்சையும், தேயாத நிலையையும், ஆண்டுக்குக் கீழே உள்ள அடையாளத்தையும் தேடுகிறார். (வைரக்குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, கல்கத்தா காசில் குறியே இராது.) ஆகவே இதைச் சரக்காகவே கொள்ளலாம் என்போர் உண்டு. எனினும் எந்தப் பெட்டிக்கடையிலும் அது இன்னும் ஐந்து ரூபாய்க்குச் செல்லுகிறதே! அதனால் என் மனம் பேணுதலின் பக்கமே சாய்கிறது. ரூபாய்க்கு விற்காமல் ஒரு பொருளுக்கு விற்றுவிடலாம். அறுபது ரூபாய் பெறுமான கிதாபு ஒன்றை அவர் தரட்டும். அங்கே சந்தேகமே எழாது. கைபரிலிருந்து உயர்ரகப் பேரீத்தம்பழம் கொண்டுவந்தவருக்கும் நாயகம் (ஸல்) அவர்கள் இத்தகைய வழியையே காட்டினார்கள்: மட்டப் பழத்தை திர்ஹத்துக்கு விற்று, அந்த திர்ஹத்தால் நல்லதை வாங்கச் சொன்னார்கள்.

செல்லாத காசுகளுக்கு இச்சிக்கல் இல்லை. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை. 1969-ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டு இருபது பைசாவும், 1982 ஆசிய விளையாட்டு இருபத்தைந்து பைசாவும் இன்று வெறும் சரக்கே. இருவரும் பொருந்திய விலைக்கு விற்கலாம். ஆனால் அதே காந்தி நூற்றாண்டின் பத்து ரூபாய் நாணயம் வெள்ளி. 15 கிராம் எடையில் 80 சதவீதம் வெள்ளி. அதை நகைக்கடையில் கொடுத்து அப்படியே வெள்ளிக் கொலுசாக மாற்றாதீர்கள். ரொக்கத்துக்கு விற்று, பணத்தைக் கையில் வாங்கிய பிறகு கொலுசை வாங்குங்கள். கடனுக்கும் விற்கக் கூடாது.

பழைய காசுக்கு இலட்சம் தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரும் உண்டு. தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்கும் ஏமாற்றுக்காரர்களைக் குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை ஏராளமாக அச்சிடப்பட்டவை. முகமதிப்புக்கு மேல் பெறாதவையே மிகுதி.

இவ்வளவும் சொன்னபின், "தம்பி, இது உமக்கு எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கினார். பள்ளிவாசல் வாசலில் கடலை விற்கும் பெரியவரின் டப்பாவில் கண்டு, வேறொரு ஐந்து ரூபாய் கொடுத்து மாற்றிக் கொண்டாராம். "இதில் என்ன விசேஷம்?" என்று பெரியவர் கேட்டதற்கு, "ஒன்றுமில்லை" என்றாராம்.

மீதிச் சில்லறையாகத் தானே வந்திருந்தால் பேச்சில்லை. அது அவருடைய காசு. ஐந்துக்கு ஐந்து மாற்றியதிலும் வட்டி இல்லை. அந்த 'ஒன்றுமில்லை' என்பதுதான் பொய். ஹள்ரத் ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களுடைய பணியாள் முன்னூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரையை விலைபேசி வந்தார். குதிரையைக் கண்ட ஜரீர் (ரலி) அவர்கள், இது அதற்கு மேல் பெறும் என்று விற்பவரிடமே சொல்லி, நூறு நூறாக உயர்த்தி எண்ணூறு கொடுத்து வாங்கினார்கள். காரணம் கேட்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் பைஅத் செய்திருப்பதாகக் கூறினார்கள். தபரானீயில் வரும் இச்செய்தியை இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் எடுத்துக் காட்டியுள்ளார்கள். இளைஞரிடம் இதைச் சொன்னேன். அவர் தலை குனிந்து போய்விட்டார்.

அடுத்த ஜுமுஆவில் வந்து, பெரியவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டதாகக் கூறினார். பெரியவர் சிரித்துக் கொண்டே காசைத் திரும்ப வாங்கி, தம் பேரனுக்கென்று மடித்து முடிந்துகொண்டாராம்.