சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

மும்பையில் நம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "எண்பதாயிரத்துக்கு ஒரு பழைய கார் வருகிறது, வாங்கலாமா?" தேவை நியாயமானதுதான். குழந்தைகளோடு லோக்கல் ரயிலின் நெரிசலில் ஏற முடிவதில்லை. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மாதுங்கா ரயில் பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், சங்கத்து இளைஞர்கள் என்னிடம் வண்டியைக் காட்டி யோசனை கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கு எழுதுகிறேன்.

ரயில்வேயில் ஒரு பெட்டி நன்றாக ஓடுகிறது என்பதற்காக அதைச் சும்மா விடுவதில்லை. குறித்த காலம் முடிந்ததும் 'பி.ஓ.எச்.' எனப்படும் முழுப் பராமரிப்புக்கு அது பட்டறைக்கு வந்தே தீர வேண்டும். அந்தத் தேதியைப் பெட்டியின் கோடிச் சுவரிலேயே எழுதியிருப்பார்கள். காரில் அப்படி யாரும் எழுதி வைப்பதில்லை. பெரிய செலவு நெருங்கும் நேரத்தில்தான் பலருக்கு வண்டியை விற்கும் எண்ணமே வருகிறது. ஆகவே விலை மலிவு என்றால், முந்தியவர் செய்யாமல் விட்ட வேலை நம் தலையில் விழப்போகிறது என்று பொருள்.

ஒரு கணக்கு

எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி, 13 வயதான சிறிய பெட்ரோல் காரை 85,000 ரூபாய்க்கு வாங்கினார். முதல் பத்து மாதங்களில் அவர் டைரியில் குறித்த செலவு இது:

நான்கு டயர்கள் – 14,000
பேட்டரி – 4,200
கிளட்ச், கூலியுடன் – 7,500
முன்பக்க சஸ்பென்ஷன் – 9,000
பிரேக் வேலை – 4,300
ஏ.சி. கம்ப்ரஸர் – 13,000
பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் – 7,000
மொத்தம் – 59,000 ரூபாய்

ஆக, 85,000 ரூபாய் கார் 1,44,000 ரூபாய் ஆயிற்று. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணம் இதில் கரைந்தது. இவற்றில் எதுவும் திடீர் விபத்தல்ல. எல்லாத் தேய்மானமும் வாங்கிய நாளிலேயே வண்டிக்குள் இருந்தது.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் பசுமை வரியும் உண்டு. 13 வயது வண்டிக்கு அந்த நாள் வெகு தூரத்தில் இல்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போங்கள். நீங்கள் போகுமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் போல் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

2. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு.

3. மீட்டரைப் பின்னால் திருப்ப முடியும். ஆனால் பிரேக் பெடலின் ரப்பரும், ஸ்டியரிங்கும், டிரைவர் சீட்டும் பொய் சொல்லா. அவை தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் 30,000 கிலோமீட்டர் காட்டினால் நம்ப வேண்டாம்.

4. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுருஸில் 944 மி.மீ. மழை கொட்டியதை மும்பைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அவ்வளவு இல்லாவிட்டாலும், தாழ்வான இடங்களில் கார்கள் நனைவது மழைக்காலத்தில் சகஜம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறைக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் துருவும் மண்ணும் இருந்தால் விலை பேசாமல் திரும்பி விடுங்கள். நனைந்த ஒயரிங்கின் தொல்லை தீராது.

5. மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும், விற்பவர் கூட்டி வருபவர் வேண்டாம். கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அந்தச் சிறு கூலியைப் பார்த்து எஞ்சின் வேலையை வாங்கிக் கொள்ளாதீர்கள்.

காகிதங்கள்

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒத்துப் பாருங்கள். 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வேண்டும். கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்ததற்கு வங்கிக் கடிதமும் 35-ம் எண் படிவமும் வேண்டும். அதே மாநிலத்துக்குள் வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸுக்கு 14 நாள்.

விற்பவருக்கும் இது முக்கியம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், நஷ்ட ஈட்டுப் பொறுப்பு பழைய உரிமையாளரைத் தேடி வரும்.

ஊரில் அப்பா ஓட்டிய காரைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு சொல். வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை இங்கு 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் வாங்க வேண்டும். அங்கிருந்து 28-ம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று பெற்று, சாலை வரியையும் இங்கே கட்ட வேண்டும். இதைக் கணக்கில் சேர்த்தால், 'சும்மா கிடைத்த கார்' சும்மா கிடைத்ததாக இராது.

நான் சொல்லும் சூத்திரம்

கையிலுள்ள பணத்தை மூன்று பங்காக்குங்கள். இரண்டு பங்கு விலைக்கு, ஒரு பங்கு முதலாண்டுப் பராமரிப்புக்கு. 1,20,000 ரூபாய் இருந்தால் 80,000 ரூபாய் கார்தான் உங்களுக்குரியது. அந்த மூன்றாவது பங்கு இல்லாவிட்டால், மாதத்தில் நாலைந்து தடவை டாக்ஸியில் போவதே லாபம். நம் ஊரில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாட்டுக்கு யாரும் விலை பேச மாட்டார்கள். காருக்கும் அந்த நிதானம் போதும்.